வீட்டுச் சிரிப்புக்கு இருபது மதிப்பெண்

பிள்ளைகள் சொற்களோடு விளையாட மறந்துவிட்டார்கள் என்பதைக் கண்டுபிடித்தது சொல்விளையாட்டு வாரியம். பிள்ளைகளைக் கேட்டு அல்ல. ஓய்வு பெறும் வயதை எட்டிக்கொண்டிருந்த சில பெரியவர்கள் ஒரு பெரிய கூட்ட அறையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் சிலேடை சொல்லிப் பார்த்தார்களாம். ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆகவே பிள்ளைகளிடம்தான் ஏதோ குறை இருக்கிறது என்று முடிவு கட்டி, அடுத்த பருவத்திலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் சிலேடையைக் கட்டாயப் பாடமாக்கினார்கள்.

இந்தச் செய்தி தையல்காரரின் காதுக்கு எட்டியபோது அவர் ஒரு பருத்த மனிதரின் கால்சட்டை இடுப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார். நல்ல செய்தி என்றுதான் நினைத்தார். அவருடைய மகளுக்கு வேறு எந்தப் பாடமும் சரியாக வராது, இது ஒன்றாவது வரும். நாலாம் வகுப்புப் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு வாய் அவ்வளவு நீளம். வாடிக்கையாளர்கள் அவளுக்கு வாலு என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அந்த வாய் அவளுக்கு அப்பாவிடமிருந்து வரவில்லை. தையல்காரர் பேசினால் அளவு மட்டும்தான் பேசுவார். வாய் அம்மாவுடையது. சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் வைப்பது அம்மாவின் வேலையாக இருந்தது. வருகிறவர்களை வம்புக்கு இழுப்பது அவள் பொழுதுபோக்கு. "சட்டை ரொம்பப் பிடிக்குதுங்க, அக்குள்ல" என்று ஒருவர் வந்து முகத்தைச் சுளித்தால், "பிடிச்சிருந்தா போட்டுக்க வேண்டியதுதானே, எதுக்குத் திருப்பிக் கொண்டு வந்தீங்க?" என்பாள். அவர் கோபித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியாமல் நிற்பதற்குள் சட்டையை வாங்கிப் பிரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

போன வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்து கைகால் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் கடைக்குப் பின்னால் உள்ள அறையில், தையல் மிஷினிலிருந்து பார்த்தால் முகம் தெரியும்படி கட்டிலைப் போட்டார்கள். கேட்டால் தலையை ஆட்டுவாள். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே ஆட்டம்தான். "எவ்வளவு புரியுதுன்னு இப்போ சொல்ல முடியாதுங்க. பார்க்கலாம்" என்றார் டாக்டர். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு நாள் தையல்காரர் ஊசியைத் தொலைத்துவிட்டுத் தரையில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தார். வாலு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அம்மாவைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கி, "ஊசிக்குக் காது இருக்குல்லம்மா? அப்புறம் ஏன் கூப்பிட்டா வரமாட்டேங்குது?" என்றாள். கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று பயந்து தையல்காரர் ஓடினார். இருமல் இல்லை. அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணி, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் குரலை அவர் கேட்டது அந்தச் சிரிப்பில்தான். மிஷினுக்குத் திரும்பிப் போய், கால்சட்டை ஒன்றின் மேல் முகத்தை வைத்து அதை நனைத்தார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வாலு புத்தகப்பையைப் போட்டதும் கட்டிலருகே போய் நிற்பாள். "மணி ஆறு ஆயிடுச்சு, பால் இன்னும் ஆறலையேம்மா." "அப்பாகிட்ட எவ்வளவு நூல் இருக்கு, ஒண்ணைக்கூடப் படிக்க மாட்டேங்கிறாரும்மா." அம்மா சிரிப்பாள். அடுத்து என்ன சொல்லலாம் என்று வாலு பள்ளியில் நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருப்பாள். கணக்கில் வாங்கிய முட்டைகளுக்கு அதுதான் காரணம். வீட்டில் யாரும் அதைக் கண்டிக்கவில்லை.

இப்படிப்பட்ட பெண்ணுக்குத்தான் வாரியம் சிலேடை கற்றுக்கொடுக்க முன்வந்தது.

பாடப்புத்தகம் வந்தது. முதல் பாடத்தின் முதல் வரி: "அவன் மாலையில் மாலை வாங்கினான்." அதன் கீழே பொடி எழுத்தில், "முதல் மாலை பொழுதைக் குறிக்கும். இரண்டாம் மாலை பூவால் ஆனது. இங்கே சிரிக்கவும்" என்று போட்டிருந்தது. இரண்டாம் பாடம் ஒலி ஒத்த சொற்கள். "பள்ளிக்குப் பல்லி வந்தது. பல்லி படிக்க வரவில்லை என்பதை மாணவர்கள் உணர வேண்டும்."

வகுப்பில் டீச்சர் வரியை வாசிப்பார். பிறகு இரண்டு பொருளையும் விளக்குவார். பிறகு மேஜைமேல் இருக்கும் சின்ன மணியை அடிப்பார். மணி அடித்ததும் பிள்ளைகள் சிரிக்க வேண்டும், மறுபடி அடித்ததும் நிறுத்த வேண்டும். மணிக்கு முன்னால் சிரித்தால் முந்துசிரிப்பு, அதற்கு அரை மதிப்பெண் குறையும். நிறுத்தச் சொன்ன பிறகும் சிரித்தால் அது ஒழுங்கீனம், அதற்கு ஒரு முழு மதிப்பெண் போகும். சிரிக்கவே சிரிக்காத பிள்ளைகளுக்கு மாலையில் தனி வகுப்பு நடந்தது. அங்கிருந்து வரும் சிரிப்புச் சத்தத்தைக் கேட்டு, தெருவில் போகிறவர்கள் உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்தார்கள்.

இரண்டாவது வாரமே தையல்காரரை அழைத்துவரச் சொல்லிவிட்டார்கள். கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து அவர் பள்ளிக்கு ஓடினார்.

"உங்க பொண்ணு சொந்தமா சொல்றா" என்றார் டீச்சர்.

"எதை டீச்சர்?"

"சிலேடையை. புத்தகத்துல இல்லாததை. நேத்து நான் மணி அடிச்சதும், 'மணி அடிச்சா சிரிக்கிறோம், டீச்சர் அடிச்சா அழறோம்'னு சொல்லிட்டா. மணி அடிக்காமலே வகுப்பு மொத்தமும் சிரிச்சிடுச்சு. நிறுத்தவே முடியல."

தையல்காரர் பெருமையை மறைக்கப் படாதபாடு பட்டார். "நல்லாத்தானே இருக்கு டீச்சர்?"

டீச்சர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நல்லாத்தான் இருக்கு. நானும் சிரிச்சேன். அதுக்கு எனக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதச் சொல்லியிருக்காங்க. நீங்களும் நானும் பொழைக்கணும்ல சார், அவளைக் கொஞ்சம் அடக்கி வைங்க."

அந்த வாரக் கடைசியில் பெற்றோர் கூட்டம். வாரியத்தின் இயக்குநரே வந்திருந்தார். முகம் இஸ்திரி போட்டு மடித்து வைத்ததுபோல் இருந்தது. அவர் ஒலிபெருக்கியை இரண்டு முறை தட்டிவிட்டுப் பேசினார்.

"அன்பான பெற்றோர்களே, சிரிப்பை யாரும் விளையாட்டா எடுத்துக்கக் கூடாது. நான் இந்த வாரியத்துக்கு வர்றதுக்கு முன்னாடி எடைக்கல் சோதிக்கிற துறையில இருந்தேன். ஒரு கிலோன்னா ஒரு கிலோ இருக்கணும். சிரிப்பும் அப்படித்தான். ஒரு பிள்ளை கூடச் சிரிக்குது, ஒரு பிள்ளை கம்மியாச் சிரிக்குதுன்னா அது அநியாயம் இல்லையா? என் சர்வீஸ்ல நான் ஒரு தடவைகூடச் சிரிச்சது கிடையாது. அதைப் பார்த்துத்தான் இந்தப் பொறுப்பையே என்னை நம்பிக் கொடுத்தாங்க. என் வீட்டுல என் பிள்ளைங்க சிரிச்சிட்டிருக்கும்போது நான் உள்ள நுழைஞ்சா போதும், சட்டுனு நின்னுடும். அந்தக் கட்டுப்பாடு எல்லா வீட்டுக்கும் வரணும்."

மணி அடித்தார்கள். பெற்றோர்கள் கைதட்டினார்கள். சிரிக்க வேண்டிய மணி அது என்று பிறகுதான் தெரிந்தது.

இயக்குநர் தொடர்ந்தார். "இந்த வருஷம் புதுசா வீட்டுச் சிரிப்புன்னு ஒரு பகுதி சேர்த்திருக்கோம். இருபது மதிப்பெண். பிள்ளை வீட்டுல ஒருத்தருக்குச் சிலேடை சொல்லணும். கேட்கிறவங்க ரெண்டு பொருளும் புரிஞ்சு சிரிக்கணும். எங்க ஆய்வாளர் நேர்ல வந்து பார்ப்பார்."

வீட்டில் யார் கேட்பார்கள் என்று, கூட வந்திருந்த பிள்ளைகளை டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். மற்ற பிள்ளைகள் மாமா, சித்தி என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது வாலு எழுந்து நின்று, "எங்கம்மா டீச்சர். எங்கம்மா மாதிரி யாராலயும் சிரிக்க முடியாது" என்றாள். தையல்காரருக்கு அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்காது. தன் மனைவி சிரிக்கிறாள் என்பதையே இன்னும் நம்ப முடியாமல் இருந்த மனிதருக்கு, அந்தச் சிரிப்பை ஒருத்தர் சோதித்துப் பார்ப்பார் என்று எப்படித் தோன்றும்?

ஆய்வாளர் ஒரு சாயங்காலம் வந்தார். நல்ல மனிதர். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அவர் கோட்டில் ஒரு பொத்தான் ஆடிக்கொண்டிருப்பதைத் தையல்காரர் பார்த்துவிட்டுக் கோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆய்வாளர் கூச்சத்தோடு நன்றி சொல்லி, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு, பையிலிருந்து மணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

வாலு தலை வாரி, பள்ளிச் சீருடையைக் கழற்றாமல் காத்திருந்தாள். புதிதாக ஒன்று தயார் செய்திருந்தாள். இடுப்பில் கை வைத்தாள், புருவத்தைத் தூக்கினாள். "அம்மா, அப்பாவும் டாக்டரும் ஊசியை வெச்சுத்தான் பொழைக்கிறாங்க. ஆனா அப்பா ஊசி போட்டா மட்டும் யாரும் அழறதில்லை, ஏம்மா?"

அம்மா சிரித்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். ஆய்வாளர் முகத்திலும் ஏதோ அசைந்தது. உடனே மணியைப் பார்த்து அதைச் சரி செய்துகொண்டார்.

"அம்மா, முதல் பொருள் புரிஞ்சிருந்தா ஒரு விரலைக் காட்டுங்க. ரெண்டாவதும் புரிஞ்சிருந்தா ரெண்டு விரல்."

அம்மா அவரைப் பார்த்தாள். கை போர்வையின்மேல் கிடந்தது.

"அவளால கையைத் தூக்க முடியாதுங்க" என்றார் தையல்காரர்.

"பரவாயில்லை. தலையை அசைச்சாலும் போதும்." அம்மா தலையை ஆட்டினாள். "புரியலைன்னாலும் அசைக்கலாம்." அம்மா அதே மாதிரி ஆட்டினாள். ஆய்வாளர் பெருமூச்சு விட்டார். பிறகு புத்தகத்தைத் திறந்து, தெளிவான உச்சரிப்போடு, "அவன் மாலையில் மாலை வாங்கினான்" என்று வாசித்தார். இரண்டு பொருளையும் பொறுமையாக விளக்கினார். மணி அடித்தார். அம்மா மணியைப் பார்த்தாள்.

"அது நல்லா இல்லை சார்" என்றாள் வாலு. வாரியத்தைப் பற்றி அதுவரை யாரும் சொன்னதில் அது ஒன்றுதான் உருப்படியான கருத்து. அதை ஆய்வாளர் எழுதிக்கொள்ளவில்லை.

"அம்மா சிரிக்கறாங்க, அதுல சந்தேகமே இல்லை" என்றார் தையல்காரரிடம். "ரொம்ப நல்ல சிரிப்பு. எங்க பயிற்சி மையத்துல இப்படி ஒண்ணு கிடைச்சா பரிசே கொடுப்போம். ஆனா எதைக் கேட்டுச் சிரிக்கறாங்கங்கிறதுதான் கேள்வி."

"மகளைப் பார்த்துச் சிரிக்கிறா, ஐயா."

"அதான் சார் சிக்கல். அது பாசம். அதுக்கு எங்ககிட்ட மதிப்பெண் கிடையாது."

வாலு அம்மாவையும் ஆய்வாளரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்கம்மாவுக்குப் புரியும்" என்றாள்.

ஆய்வாளருக்கும் பெண் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும். குனிந்து, கனிவாகவே பேசினார். "இருக்கலாம் பாப்பா. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. நீ சிலேடையே இல்லாம, சும்மா ஏதாவது ஒண்ணை இதே குரல்ல சொல்லிப் பாரு. அதுக்கும் சிரிச்சாங்கன்னா உனக்கே விடை தெரிஞ்சிடும். வீட்டுப்பாடம்னு வெச்சுக்கயேன்."

பொத்தான் வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு, தையல்காரர் வேண்டாம் என்று மறுத்த கூலியைப் பிடிவாதமாக மேஜையில் வைத்துவிட்டு, அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

மறுநாள் சாயங்காலம் வாலு பையைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வாசற்படியிலேயே நின்றாள். பிறகு கட்டிலருகே வந்து இடுப்பில் கை வைத்தாள். தையல்காரர் மிஷினில் காலை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். தடுத்திருக்கலாம். என்ன செய்யப்போகிறாள் என்று அவருக்கு விளங்குவதற்குள் அவள் புருவத்தைத் தூக்கி, வழக்கமான இழுப்போடு, "அம்மா, இன்னிக்கு... செவ்வாய்க்கிழமை!" என்றாள்.

அம்மா சிரித்தாள்.

"அம்மா, கதவு... திறந்திருக்கு!"

அம்மா இன்னும் பலமாகச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாலு கையை இடுப்பிலிருந்து எடுத்தாள். அழவில்லை. கணக்கில் விடை தப்பாக வந்தால் எப்படி முகம் வைத்துக்கொள்வாளோ அப்படி வைத்துக்கொண்டு கடைப்பக்கம் வந்தாள்.

"அவர் சொன்னது சரிதாம்பா."

தையல்காரர் மிஷினிலிருந்து காலை எடுத்தார். "அப்படி இல்லடா கண்ணு. அத்தை வந்தா எவ்வளவு பேசறா, அதுக்குச் சிரிக்கிறாளா? நான் எத்தனை சொல்லிப் பார்த்திருக்கேன், எனக்குச் சிரிச்சிருக்காளா? நீ சொன்னாத்தானே சிரிக்கிறா."

"அது தெரியும்பா. நான் சொன்னாச் சிரிப்பாங்க. ஆனா நான் என்ன சொல்றேன்னு அவங்களுக்குத் தெரியாது. இத்தனை நாளும் தெரியாது."

தெரியும் என்று சொல்லிவிட வாய் வரை வந்தது. அவர் வாயில் பொய் எந்தக் காலத்திலும் நின்றதில்லை. அவருக்கே தெரியாததை மகளுக்கு எப்படிச் சொல்வார்? மிஷினை மிதித்தார். நேராகப் போக வேண்டிய தையல் வளைந்து போயிற்று.

வாரியத்துக்கு இதற்குமேல் இந்த வீட்டில் வேலை இருக்கவில்லை. வாலு மாறிவிட்டாள். மணி அடித்தால் சிரித்தாள், மணி அடித்தால் நிறுத்தினாள். புத்தகத்தில் இருந்ததை மட்டும் சொன்னாள். வீட்டுச் சிரிப்பு இருபதையும் இழந்தும்கூட, எழுத்துத் தேர்வில் ஒரு வரி பிசகாமல் எழுதி வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். பள்ளி விழாவில் இயக்குநரே அவள் சட்டையில் பதக்கத்தைக் குத்தினார். "சேரும்போது இந்தப் பிள்ளை எப்படி இருந்துச்சுன்னு டீச்சரைக் கேட்டுப் பாருங்க. இப்போ பாருங்க. நம்ம பாடத்திட்டத்தோட வெற்றிக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றார். டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாளாவது இயக்குநர் முழு உண்மை பேசினார் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கணக்கிலும் வாலு தேறிவிட்டாள். நாள் முழுக்க யோசிக்க இப்போது வேறெதுவும் இல்லையே.

அம்மாவை அவள் கைவிட்டுவிடவில்லை. பொறுப்பான பெண். சாயங்காலம் வந்ததும் கட்டிலருகே போய், அன்று என்ன கிழமையோ அதைச் சொல்வாள். அம்மா சிரிப்பாள். அதற்குமேல் எதற்கு மெனக்கெட வேண்டும்? உடனே போய்ப் படிக்க உட்கார்ந்துவிடுவாள். முதலில் குரலை இழுத்துச் சொன்னாள், பிறகு இழுப்பு போயிற்று. இடுப்பில் கை வைப்பது போயிற்று. கடைசியில் பையைக் கழற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தாள். அம்மாவின் சிரிப்பும் சின்னதாகிக்கொண்டே வந்ததைத் தையல்காரர் கவனித்தார். யாரிடம் போய்ச் சொல்வது? இருபது மதிப்பெண்ணை வைத்திருக்கிறவர்களிடமா?

ஒரு சாயங்காலம் வாலு, "அம்மா, இன்னிக்கு வியாழக்கிழமை" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்னால் சத்தம் வரவில்லை. நின்றாள்.

"அம்மா, இன்னிக்கு வியாழக்கிழமைம்மா."

அம்மா மகளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. வாலு அருகே வந்து, மறந்துபோயிருந்த கையை இடுப்பில் வைத்து, புருவத்தைத் தூக்கி, பழைய இழுப்போடு இன்னொரு தடவை சொன்னாள். அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். தலையை மெதுவாகத் தலையணையில் திருப்பி, சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

மிஷின் நின்றது. தையல்காரர் எழுந்து வந்தார். அந்தத் திரும்பலை அவருக்குத் தெரியும். அவள் ஏற்கெனவே கேட்ட பகடியையே அவர் எப்போதாவது மறுபடி சொல்ல முயன்றால், காஜா எடுத்துக்கொண்டே அவள் இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"அவளுக்குத் தெரியுதுடா" என்றார். "நல்லா இல்லைன்னு அவளுக்குத் தெரியுது. எல்லாமே தெரிஞ்சிருக்கு. நீ செவ்வாய்க்கிழமைன்னு சொன்னப்போ, புள்ளை மனசு நோகக் கூடாதேன்னு சிரிச்சிருக்கா."

வாலுவின் முகம் மலர்ந்தது. பல மாதமாக அந்த முகத்தில் அவர் பார்க்காத மலர்ச்சி. கட்டிலில் ஏறி, அம்மாவின் கன்னத்தைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அம்மா, கோவிச்சுக்காதம்மா. இரு, நல்லதா ஒண்ணு சொல்றேன். ஒரே நிமிஷம் இரு."

அம்மா திரும்பினாள். கண் பளிச்சென்று இருந்தது.

வாலு யோசித்தாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள். "மாலையில..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "பள்ளிக்கு..." என்றாள். அதையும் விழுங்கினாள். புத்தகத்தில் இருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. கீழே பொடி எழுத்தில் இருந்ததுகூட வந்தது. அவளுடையது என்று ஒன்றும் வரவில்லை.

"அப்பா, எனக்கு ஒண்ணுமே வரமாட்டேங்குதுப்பா."

தையல்காரர் அவளுக்கு உதவி செய்ய வாயைத் திறந்தார். எதையாவது, எந்தக் குப்பையையாவது சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. அவருக்கு அது வந்ததே கிடையாது.

வாலு அம்மாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அம்மா அப்போதும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது வரும், இதோ வந்துவிடும் என்று.